இந்தியன் ஓஷன்

டெல்லி இசைக்குழு. கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்தபடியே பாடும் அஷீம் சக்ரவர்த்தியும் 1990-இல் தொடங்கியது. நாட்டுப்புற மெட்டு, இந்துஸ்தானி, ராக், ஜாஸ் எல்லாம் கலந்திருந்தும் இரைச்சல் குறைவு. டிரம்ஸ் கலைஞர் அமித் கிலாம், பாவுல் பாடகர்கள் அக்குளில் இடுக்கி மீட்டும் கப்குபியையும் வாசிப்பார். பேஸ் கிதார் கலைஞர் ராகுல் ராம் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்றவர். 2000-இல் வெளியான ‘கந்தீசா’ தொகுப்பில் உள்ள ‘மா ரேவா’, நர்மதையைத் தாயாகப் போற்றும் நாட்டுப்பாடல். அவசரமே இல்லாமல் விரிவது, குழுவின் ஆகச்சிறந்த பாடல் என்றே சொல்லலாம். தலைப்புப் பாடலோ கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேயத் துதி. அஷீம் 2009 டிசம்பரில் காலமானார். சுஷ்மித் 2013-இல் விலகினார். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு குழு தொடர்கிறது.