வீதியும் தண்டமும்

வீதி யாவர்க்கும் பொதுவானது. கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையில் இவ்வுண்மையை எந்நாளும் கண்ணாரக் காணலாம். ஐந்துலாம்புச் சந்தியிலும் ஜம்பட்டா வீதியிலும் லொறியும் பஸ் வண்டியும், முச்சக்கர வண்டியும், நாட்டாமைமார் தள்ளிச் செல்லும் கைவண்டியும், பேராலயத்துக்கும் கோயிலுக்கும் செல்லும் அடியாரும், பள்ளிச் சிறாரும் ஒரே வழியைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். இத்தகைய இடத்தில் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கை மீறுவோர்க்குத் தண்டமும் வேண்டும். இதனை மறுப்பார் இலர். ஆயின், அத்தண்டம் யார்மீது எவ்வளவு பாரமாக விழுகின்றது என்பது வேறு வினா. இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலங்கையிலே மோட்டார் வண்டி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அது எழுந்துவிட்டது.

அரசனுக்கு ஊதியமின்றி உழைக்கும் இராசகாரிய முறை 1832-ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. கோப்பி விலை வீழ்ந்து, அரசாங்கத்தின் வருவாய் குன்றியிருந்த வேளை. அப்போது தேசாதிபதியாயிருந்த தொறிங்டன் பிரபு, துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றின்மீது வரிகள் விதித்ததோடு, 1848-ஆம் ஆண்டு வீதிக் கட்டளைச் சட்டத்தையும் கொணர்ந்தார். பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். இன்றேல் மூன்று சிலிங் செலுத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம்.

சட்டத்தின் எழுத்தை மட்டும் நோக்கினால் அதிற் பாரபட்சம் எதுவும் தோன்றாது. எல்லார்க்கும் ஆறு நாள். எல்லார்க்கும் மூன்று சிலிங். ஆனால் கணக்கைச் சிறிது விரித்துப் பாருங்கள். மூன்று சிலிங் என்பது முப்பத்தாறு பென்ஸ். ஆறு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஆறு பென்ஸ். செல்வன் தன் பையிலிருந்து அதனை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் கருமத்தைப் பார்ப்பான். காசைக் கண்ணாற் காண்பதே அரிதான கிராமத்துக் குடியானவனோ வயலை விட்டு வந்து கல் உடைப்பான். ஒருவனுக்கு அது சில்லறைச் செலவு. மற்றவனுக்கு அது பழைய இராசகாரியமே மீண்டும் வந்த துன்பம். அவ்வாண்டு யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருணாகலிலும் கிளர்ச்சி மூண்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். தொறிங்டன் பிரபுவும் 1850-ஆம் ஆண்டிலே திருப்பியழைக்கப்பட்டார். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் வீதிச் சட்டம் மூட்டிய மனக்கசப்பு அவற்றுள் முதன்மையானதொன்று.

தேசாதிபதி போனார், சட்டத்தின் கருத்துப் போகவில்லை. ஆறு நாள் வேலை அல்லது பணம் என்னும் விதி, தலைவரி என்னும் பெயரோடு இருபதாம் நூற்றாண்டிலும் நின்று நிலவியது. கொழும்பில் அது இரண்டு ரூபாவாயிருந்தது. 1922-ஆம் ஆண்டிலே தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவும் அவர் தோழரும் அவ்வரியைச் செலுத்த மறுத்தனர். இரண்டு ரூபா இல்லாமையால் அவர் மறுத்தாரல்லர். இல்லாதவன் படும் பாட்டை ஊரார் காணவேண்டும் என்றே மறுத்து, வீதிக்குக் கல் உடைக்கும் வேலையை ஏற்றார். பின்னர் அவ்வரி ஒழிந்தது. குணசிங்க பிற்காலத்தில் இந்தியத் தொழிலாளர்க்கு மாறான நிலையை மேற்கொண்டதைத் தமிழர் மறந்திலர். ஆயினும் கொட்டாஞ்சேனையையும் உள்ளடக்கிய மத்திய கொழும்புத் தொகுதி மக்கள் 1931-ஆம் ஆண்டிலும் 1947-ஆம் ஆண்டிலும் அவரைத் தெரிவு செய்தமைக்கு, கல் உடைத்த அந்த நாள்களின் நினைவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

தலைவரி வரியேயன்றித் தண்டமன்று. அதனைப் போக்குவரத்துக் குற்றத்தோடு ஒப்பிடலாமோ என்று நேயர்கள் வினவக்கூடும். வேறுபாடு உண்டு. வரி குற்றமற்றவன்மீதும் விழும்; தண்டம் குற்றஞ்செய்தவன்மீதே விழவேண்டும். ஆனால் அன்று வரி கற்பித்த பாடம் தண்டத்துக்கும் பொருந்தும். தொகை சமமாயிருப்பதனால் மட்டும் பாரம் சமமாகிவிடாது என்பதே அப்பாடம்.

கொழும்பு வீதிகளிலே 1899-ஆம் ஆண்டில் ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1960-ஆம் ஆண்டில் அது நின்றது. அதற்குள் மோட்டார் வண்டிகள் வீதியை நிறைத்துவிட்டன. 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே, பல திருத்தங்களோடு, இன்றும் நம் வீதிகளை ஆள்கின்றது. அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் எவரும் எண்ணியிராத ஆபத்து ஒன்று இப்போது சாரதியின் கையில் இருக்கின்றது. அதுவே கைத்தொலைபேசி. வண்டியோட்டும்போது அதனைக் கையிற் பிடித்துப் பேசுவது இன்று குற்றமாகும்.

இக்குற்றத்தை அற்பமென்று எண்ணுதல் தவறு. மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் முச்சக்கர வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறையப் பதினொரு மீற்றர் தூரம் போகும். வந்த செய்தி யாதென அறியச் சாரதி இரண்டு விநாடி கண்ணைத் தாழ்த்தினால், இருபத்திரண்டு மீற்றர் தூரத்தை அவன் குருடனாகவே கடக்கின்றான். ஜம்பட்டா வீதியிலே அந்தத் தூரத்துக்குள் எத்தனை உயிர்கள் குறுக்கே வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டில் இலங்கை வீதிகளில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அவருட் பெரும்பகுதியினர் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றோரும் கால்நடையாகச் சென்றோருமே. ஆகவே சட்டத்தைத் தளர்த்துவது ஏழைக்குச் செய்யும் இரக்கமாகாது. வண்டியோட்டும் ஏழைக்கு இரங்கப்போய், வண்டியே இல்லாத ஏழையின் உயிரைப் பணயம் வைப்பதாகவே அது முடியும்.

அவ்வாறாயின் தண்டத்தை உயர்த்திவிட்டாற் போதுமா? 2016-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான வரவுசெலவுத் திட்டம் அவ்வழியை நாடியது. மதுபோதையில் ஓட்டுதல், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுதல், மிகுவேகம், இடப்பக்கமாக முந்துதல் முதலிய குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று அறிவிக்கப்பட்டது. பஸ் உரிமையாளரும் முச்சக்கர வண்டிச் சாரதிகளும் எதிர்த்தெழுந்தனர், வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. வீதியில் மாளும் மக்களுக்காகவே இக்கடுமை என்றது அரசாங்கம். ஒரு முறை தவறினால் மாத வருவாயே போய்விடும் என்றனர் சாரதிகள். இரு சாராரும் கூறியது உண்மையே. 25,000 ரூபா, சொந்தக் காரிற் செல்லும் கனவானுக்கு ஒருநாள் மனவருத்தம். வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவோனுக்கு வீட்டு உலை கொதியாத வாரங்கள் பல. 1848-ஆம் ஆண்டின் மூன்று சிலிங் வேறு உருவில் மீண்டும் வந்து நின்றது.

இச்சிக்கலைப் பின்லாந்து தேசத்தார் வேறொரு வழியால் அவிழ்க்க முயன்றனர். 1921-ஆம் ஆண்டு முதல் அங்கே தண்டத்தைக் காசினால் அளவாமல் நாள்களினால் அளக்கின்றனர். குற்றத்தின் தன்மைக்கேற்ப இத்தனை நாள் என வகுத்து, அந்நாள்களைக் குற்றவாளியின் வருவாயைக் கொண்டு பணமாக மாற்றுவர். 2002-ஆம் ஆண்டிலே நொக்கியா தொலைபேசி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர்க்கு, மிகுவேகமாகச் சென்றமைக்காக 1,16,000 யூரோ விதிக்கப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியது. அவருடைய வருவாய் குறைந்திருந்தமை பின்னர் காட்டப்பட்டு அத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. அம்முறையை அப்படியே இங்கு நாட்டுதல் எளிதன்று. நம் நாட்டில் முச்சக்கர வண்டிச் சாரதியின் வருவாயை எந்தப் பதிவேடும் சரியாகக் கூறாது. ஆயினும் அதன் உட்கருத்தை நாம் கொள்ளலாம். முதற்குற்றத்துக்கும் தொடர்குற்றத்துக்கும் வேறுபாடு காட்டலாம். பெருந்தொகையைத் தவணையாகச் செலுத்த இடமளிக்கலாம். பணத்தால் உறைக்காதவனுக்கு அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைப்பது உறைக்கும். அந்த இழப்பை எவனும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துத் தீர்க்கமுடியாது.

தண்டத்தின் அளவினும் முக்கியமானது அதன் உறுதி. 1764-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய அறிஞர் பெக்காரியா, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தவறாது வரும் என்னும் நிச்சயமே என்று எடுத்துரைத்தார். பத்து முறை தப்பி, பதினோராம் முறை அகப்பட்டவன் தன் குற்றத்தை நினைப்பதில்லை. தன் துரதிர்ஷ்டத்தையே நினைப்பான். தன்னைப் பிடித்த பொலிஸ்காரர் பக்கத்திலே சென்ற பெரிய காரை நிறுத்தாமல் விட்டார் என்று காண்பானாயின், சட்டத்தின்மீதுள்ள மதிப்பையே இழப்பான். 2024-ஆம் ஆண்டு சனவரியிலே கொழும்பில் கண்காணிப்புக் கமராக்களைக் கொண்டு போக்குவரத்துக் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் முறை தொடங்கப்பட்டது. கமரா ஆளின் தோற்றத்தைப் பார்த்து மயங்காது, சிபாரிசும் கேளாது. அது நன்றே. ஆனால் அது வண்டியின் இலக்கத்தைப் பார்த்து உரிமையாளரையே தேடிச் செல்லும். வாடகை வண்டிகள் மலிந்த பகுதிகளில், ஓட்டியவர் யார் என்று விசாரித்தறியும் கடமை மனிதருடையதாகவே இருக்கும். குற்றம் இன்னதென்று எழுதித் தரும் பத்திரமும், பெறுபவனுக்கு விளங்கும் மொழியிலே இருத்தல் வேண்டும். 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அது வீதியோரத்திலும் மெய்யாக வேண்டும்.

வள்ளுவர், குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையை வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரமாக வகுத்தார். அடுத்த அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயரிட்டார். தண்டமும் இரக்கமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது அவ்வமைப்பாற் புலனாகும். வீதியைக் கடக்கும் சிறுவனுக்குச் சாரதியின் கண் வேண்டும். தண்டம் பெறும் சாரதிக்குச் சட்டத்தின் கண் வேண்டும். இவ்விரு கண்ணும் விழித்திருக்கும் ஊரிலேதான் வீதி யாவர்க்கும் பொதுவாகும்.