கலப்பு ஜீப்புகளை அடையாளம் காணல்

கலப்பு ஜீப் என்பது வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த பாகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்ட பழைய ஜீப் வண்டியைக் குறிக்கும். இத்தகைய வண்டியின் மூல வகையையும் காலத்தையும் அதன் அடிச்சட்டம், எந்திரம், முகப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு அறியலாம்.

தேனி மாவட்டத்தில்

போடிநாயக்கனூர், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் சென்று வருகின்றனர். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடுமுரடான பாதையிலும் ஜீப்புகளே ஓடுகின்றன. ஜீப்பின் பாகங்கள் பெரும்பாலும் திருகாணிகளால் இணைக்கப்பட்டவை. ஆதலால் பழுதான பாகத்தை நீக்கி, வேறொரு வண்டியின் பாகத்தைப் பொருத்துவது எளிது.

மூல வகைகள்

இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ் நிறுவனம் எம்.பி. வகையையும், ஃபோர்டு நிறுவனம் ஜி.பி.டபிள்யூ. வகையையும் தயாரித்தன. இரண்டும் ஒரே வரைவின்படி அமைந்தவை. 1940களின் இறுதியில் மும்பையில் மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. பின்னர் சி.ஜே-3பி வகையை இந்தியாவிலேயே நெடுங்காலம் தயாரித்தது.

அடையாளக் கூறுகள்

முகப்புச் சட்டம்: போர்க்கால வண்டிகளின் தகட்டு முகப்பில் ஒன்பது பிளவுகள் உண்டு. 1945இல் வந்த சி.ஜே-2ஏ வகையில் ஏழு பிளவுகளும் பெரிய முகப்பு விளக்குகளும் உள்ளன.

பானட்: சி.ஜே-3பி வகையின் பானட் உயரமானது. அதன் எந்திரத்தில் உள்ளிழு வால்வுகள் மேலே அமைந்ததால் கூடுதல் உயரம் தேவைப்பட்டது.

அடிச்சட்டம்: முன்புறக் குறுக்குச் சட்டம் குழாய் வடிவில் இருந்தால் அது வில்லிஸ்; கவிழ்த்த 'ப' வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டின் பாகங்களிலும் திருகாணித் தலைகளிலும் அந்நிறுவனத்தின் முதல் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும்.

எந்திரம்: போர்க்கால எந்திரத்தின் எண் அதன் வலப்பக்கத்தில், எண்ணெய் வடிகட்டியின் அருகே பொறிக்கப்பட்டுள்ளது. எண்ணின் முன்னெழுத்துகள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். போர்க்கால வண்டியில் பெஜோ டீசல் எந்திரம் காணப்பட்டால் அது பிற்காலத்தில் பொருத்தப்பட்டதாகும்.

முடிவு செய்யும் முறை

முகப்பு, பானட், எந்திரம் மூன்றும் எளிதில் மாற்றத்தக்கவை. அடிச்சட்டம் அரிதாகவே மாற்றப்படும். எனவே வண்டியின் பிறப்பை அடிச்சட்டமும், அது கண்ட பழுதுபார்ப்புகளைப் பிற பாகங்களும் கூறும். எண்ணைச் சுற்றிப் புதிய பற்றவைப்போ அரம் கொண்டு தேய்த்த தடமோ இருந்தால் அவ்வெண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. போர்க்காலத்தில் படைப் பட்டறைகளிலேயே எந்திரங்கள் மாற்றப்பட்டன. ஆகவே வில்லிஸ் அடிச்சட்டத்தில் ஃபோர்டு எந்திரம் இருப்பது மோசடிக்குச் சான்றன்று.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2021இல் வெளியான நடுவண் அரசு விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெற, அடிச்சட்டம், உடற்பகுதி, எந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவிலேயே பேணப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே எவ்வளவு பழமையானதாயினும், இவற்றில் பெருமாற்றம் கண்ட கலப்பு ஜீப் இத்தகுதியைப் பெறுவதில்லை. பழைய ஜீப்பை வாங்குவோர் அடிச்சட்ட எண்ணையும் எந்திர எண்ணையும் பதிவுச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.