லேக் மார்க்கெட்டில் பஸ் ஏறி, சாக்கடையோரம் ஒரு நடை

கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இருந்த பெரிய குறை இங்கே மலை இல்லை என்பதுதான். ஊரில் இருந்தவரை ஒரு நாள் லீவு கிடைத்தால் போதும். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ்ஸைப் பிடித்து, வழியில் எங்காவது இறங்கி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கால் வலிக்க நடந்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இங்கே கண்ணுக்கெட்டியவரை தட்டை. சுசுனியா மலையைப் பார்க்க பாங்குரா வரை போகணும், அயோத்யா மலைக்குப் புருலியா வரை. காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிற தூரமில்லை.

லேக் மார்க்கெட்டில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு மாமா இருந்தார். ஐம்பதுகளில் குமாஸ்தாவாக வந்தவர். "நடக்கணும்னா லேக்கைச் சுத்தி நட. அதுக்குத்தானே வெட்டி வச்சிருக்கான்" என்பார். "கிழக்கே என்ன மாமா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். "கிழக்கேயா? ஒண்ணுமில்லடா, சாக்கடைதான்."

மாமா சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சாக்கடைக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வரக்கூடிய ஆகச் சிறந்த கிராமத்து நடையும் அதன் கரையில்தான்.

முதலில் ஒரு பூகோளம். நதி ஓரமாக இருக்கிற ஊரில் சாக்கடை நதிக்குத்தான் போகும் என்று நினைப்போம். கல்கத்தாவில் அப்படியில்லை. வெள்ளத்தில் வந்த வண்டல் படிந்து படிந்து ஹூக்ளியின் கரைதான் மேடு. ஊர் அங்கிருந்து கிழக்கே சரிகிறது. அந்தப் பக்கம் அன்றைக்கு உப்பு ஏரிகள், அவற்றை வங்கக் கடலோடு சேர்க்கிற வித்யாதரி என்ற ஓத நதி. நகராட்சி என்ஜினியர் வில்லியம் கிளார்க் இந்தச் சரிவைப் பார்த்துத்தான் பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் போட்டார். 1859இல் வேலை ஆரம்பித்தது. மழைத்தண்ணீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் கிழக்கே போய், பம்ப் வைத்து ஏற்றப்பட்டு, கால்வாய் வழியாக வித்யாதரியில் விழும். குப்பைக்கும் அதே திசைதான். 1860களில் தாபாவில் (ரொட்டி விற்கிற தாபா இல்லை, ஊர் பேரே அதுதான்) ஒரு சதுர மைல் நிலத்தை வாங்கி, சர்க்குலர் ரோடு வழியாகக் குப்பைக்கென்றே ஒரு ரயில் விட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் பவநாத் சென் என்பவர் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மக்கிய குப்பையிலேயே காய்கறி போட ஆரம்பித்தார். இன்றைக்கும் கல்கத்தாக்காரர்கள் சாப்பிடுகிற காலிஃபிளவரிலும் கீரையிலும் ஒரு பங்கு தாபாவில் விளைவது.

அப்புறம் நதி செத்துப்போனது. அலங்காரமாகச் சொல்லவில்லை. வண்டலும் சாக்கடையும் சேர்ந்து தூர்த்து, 1928இல் வித்யாதரி இறந்துவிட்டதாக அரசாங்கமே அறிவித்தது. ஒரு மாநகரத்தின் சாக்கடைக்குப் போக்கிடம் இல்லை! டாக்டர் பி.என். டே என்ற மாநகராட்சி என்ஜினியர், இன்னும் கிழக்கே போய் குல்தி நதியில் விடலாம் என்று புதுத் திட்டம் போட்டார். சாதாரண நாளின் கழிவுநீருக்கு ஒரு கால்வாய், மழை நாளுக்கு ஒரு கால்வாய் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். 1943இல் வேலை முடிந்தது.

நதி செத்ததில் உப்புத்தண்ணீர் வரத்தும் நின்றது. உப்பு ஏரியில் கொடுவாயும் இறாலும் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிழைப்பு போச்சு. 1930ஐ ஒட்டி விதுபூஷண் சர்க்கார் என்ற பண்ணைக்காரர் ஒரு காரியம் செய்தார். உப்புத்தண்ணீருக்குப் பதிலாகச் சாக்கடைத் தண்ணீரைக் குளத்தில் விட்டு மீன் வளர்த்தார். வளர்ந்தது. மற்றவர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். இந்தக் குளங்களுக்குத்தான் பேரி என்று பெயர்.

சூட்சுமம் ஆழம் குறைவாக இருப்பதில் இருக்கிறது. ஒரு மீட்டர், கொஞ்சம் கூட. அடி வரை வெயில் இறங்கும். பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது, அதில் கிடைக்கிற சத்தில் பாசி பெருகுகிறது, பாசி பிராணவாயு கொடுக்கிறது, மீன் பாசியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கிறது. கரையோரம் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். அலை கரையை அரிக்காமல் காக்கும், உலோகக் கழிவையும் கொஞ்சம் உறிஞ்சும். கரண்ட் இல்லை, மெஷின் இல்லை. வேறு ஊர்கள் கோடிக்கணக்கில் கொட்டிச் செய்கிற சுத்திகரிப்பை இங்கே ரோகுவும் கட்லாவும் திலாப்பியாவும் செய்கின்றன, அதுவும் வருஷத்துக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீனைக் கொடுத்துக்கொண்டு.

இதெல்லாம் மீனவர்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. தெரியவைத்தவர் நடந்து போன ஒரு மனிதர். துருவஜோதி கோஷ், மாநில அரசின் சுகாதார என்ஜினியர். 1980களின் தொடக்கத்தில், நகரத்துக் கழிவுநீரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, இப்போது இது எங்கே போகிறது என்பதுதான். ஆபீசில் பதில் இல்லை. கால்வாயோரமாகவே நடக்க ஆரம்பித்தார். நடந்து போய்ப் பார்த்தால், சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது! திரும்பத் திரும்பப் போய், மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு, எல்லை குறித்து வரைபடம் போட்டார். கிழக்குக் கல்கத்தா சதுப்புநிலம் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஒரு நல்ல நடையால் இவ்வளவு நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் இல்லை.

அந்த வரைபடத்துக்குச் சீக்கிரமே வேலை வந்தது. வடக்குப் பக்கத்தில் ஏரியின் ஒரு பகுதியை 1960களிலேயே ஹூக்ளி மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து நிரப்பி சால்ட் லேக் நகரம் எழுப்பியிருந்தார்கள். (நம்மை மட்டும் விட்டுவிடக் கூடாது. 1920களில் லேக்கைத் தோண்டிய மண்ணைப் போட்டு மேடாக்கித்தான் லேக் மார்க்கெட் பக்கத்துச் சதுப்பெல்லாம் தெருவானது.) மீதியிலும் உலக வர்த்தக மையம் கட்டப் போவதாகத் திட்டம் வந்தபோது, 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, சதுப்புநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேரும் ராம்சார் பட்டியலில் ஏறியது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. கோஷ் 2018இல் காலமானார். சட்டம் இருந்தும் குளம் தூர்ப்பது நிற்கவில்லை, வழக்குகளும் ஓயவில்லை.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினால் கரியாஹாட், பிஜன் சேது, கஸ்பா தாண்டி ரூபி முனை. அங்கே பைபாஸில் வடக்கே போகிற பஸ் மாறி சயன்ஸ் சிட்டி. அங்கிருந்து கிளம்புவது பசந்தி ஹைவே. கடக்புகூர், மாலஞ்சா பக்கம் போகிற பஸ் எதுவும் சரி, ஆனால் உட்கார இடத்தை எதிர்பார்க்காதீர்கள். ரோட்டோடு ஒட்டியே கால்வாயும் கூட வரும். பாந்தலாவில் இறங்கினால் மூக்கில் முதலில் ஏறுவது தோல் வாடை. 1996 சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு டாங்ரா, தோப்சியா பக்கத்துத் தோல் பட்டறைகள் இங்கே வந்தன. பயப்படாமல் கால்வாயைக் கடந்து பேரிகளின் வரப்பில் ஏறி, ஊர்ப் பக்கமாகத் திரும்பி நடக்கலாம். பத்து நிமிஷத்தில் நாற்றம் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே ஒற்றையடி வரப்பு, வலை இழுக்கிறவர்கள், கொக்கு, நீர்க்காகம். தூரத்தில் பைபாஸ் அடுக்குமாடிகள். வரப்பு கூட்டுறவுச் சங்கத்துக்கோ குத்தகைக்காரருக்கோ சொந்தம், அதனால் காவல் குடிசையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகணும். எனக்கு "இல்லை" என்று யாரும் சொன்னதில்லை. டிசம்பர், ஜனவரி உத்தமம். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும்.

பாந்தலாவில் பார்க்க வேண்டியது மதகு. பார்வைக்கு ஒன்றுமில்லை, துருப்பிடித்த இரும்புக் கதவுகள். ஆனால் கால்வாயில் தண்ணீர் மட்டத்தை உயர்த்தி நிறுத்துவது அதுதான். மட்டம் உயர்ந்தால்தான் பேரிகளுக்குத் தானாகப் பாயும். தாழ்ந்தால் குளம் காயும். காய்ந்த குளத்தை வாங்க ஆள் தயாராக இருக்கிறது. "தண்ணி வந்தா நாங்க இருப்போம் தாதா. சாக்கடைத் தண்ணிக்குக் காத்துக் கிடக்கிறவன் உலகத்திலேயே நாங்கதான்" என்றார் வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், வங்காளத்தில். தென் கல்கத்தாவின் பெரும்பகுதிக் கழிவுநீர் பாலிகஞ்ச் நீரேற்று நிலையம் வழியாக இந்தப் பக்கம்தான் வருகிறது. எங்கள் தெருவிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "அப்போ உங்க தண்ணிதான் இது" என்றார்.

வீடு திரும்பியதும் மாமாவிடம் நதி, மதகு, மீன், தீர்ப்பு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நம்ம மார்க்கெட் காலிஃபிளவரும் அங்கேர்ந்தா வரது?" என்று மட்டும் கேட்டார். வரலாம் மாமா என்றேன். மறுநாள் காலையில் பையோடு கிளம்பினவர், வழக்கமான அதே கடையில்தான் நின்றுகொண்டிருந்தார்.