ஆனதும் ஆக்கியதும்

ஒரு பொருள் எதனால் ஆயது என்று கூற ஆங்கிலத்தில் வெவ்வேறு வினைத்தொடர்கள் உண்டு. மரம் மேசையான பின்னும் மரமாகவே நிற்கிறது; அங்கே 'மேட் ஆஃப்'. மூலப்பொருள் தன் உருவை இழந்துவிட்டால் 'மேட் ஃப்ரம்'. செய்தவரைச் சுட்ட 'மேட் பை' என்பது தனியே இருக்கிறது. தமிழிலோ 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு ஒன்றே போதும். மண்ணால் ஆனது குடம். குயவனால் ஆனதும் அதுவே. கருவிக்கும் கருத்தாவுக்கும் ஓர் உருபு.

இலங்கை மலையகத்தில் இவ்வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காலப்போக்கில் காப்பியை வீழ்த்த, ஹட்டன், நுவரெலியா மலைகளெங்கும் தேயிலை பரந்தது. அதனுடன் துரைமாரின் கணக்கேடுகளில் இரண்டு சொற்கள் இடம்பெற்றன: கொழுந்துக்கு 'கிரீன் லீஃப்', தூளுக்கு 'மேட் டீ'.

தொழிலாளர் 'ஸ்டோர்' என்றழைக்கும் தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, புளிக்கவிடப்படுகிறது, அனலிலே உலர்த்தப்படுகிறது. முக்காற்பங்குக்கு மேல் நீரான அது ஏறக்குறைய நாலரை இறாத்தலுக்கு ஓர் இறாத்தல் தூளாகச் சுருங்குகிறது. 'மேட் டீ', அதாவது ஆக்கப்பட்ட தேயிலை, என்ற பெயர் இதற்குப் பின்னரே கிடைக்கும். ஆங்கிலேயன் கணக்கில் 'ஆக்குதல்' ஸ்டோரின் வாசலில் தொடங்கியது. அதற்கு முன் விடியற்காலைப் பிரட்டுக்களமும், பனியில் நனைந்த கூடையும், செங்குத்தான மலையும் இருந்தன. அவற்றுக்கு அச்சொல்லில் இடமில்லை.

பறித்தவளின் கணக்கு பச்சைக் கொழுந்தின் நிறையிலேயே முடிந்தது. நிறை குறைந்தால் அன்றைக்கு 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். நனைந்த இலைக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிப்பது என்பது தராசடியிலே ஓயாத வழக்கு. சம்பளத்திற்குச் சட்டப்படியான குறைந்தபட்ச எல்லை வகுத்த கட்டளைச்சட்டம் 1927-இல்தான் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

தொழிலாளரும் ஆங்கிலச் சொற்களைத் தம் வழியில் எடுத்தாண்டனர். 'பரேட்' பிரட்டு ஆயிற்று. 'லைன்' லயம் ஆயிற்று. இசைக்குரிய அழகிய சொல்லொன்று பத்தடி அறைகளின் வரிசைக்குப் பெயராக வாய்த்தது விந்தையே.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883-இல் தொடங்கியது. ஒட்டுப்பலகையால் ஆகி, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத் தாளோ வேய்ந்த பெட்டிகளில் நெடுங்காலம் தூள் அனுப்பப்பட்டது; இப்போது பெரும்பாலும் காகிதச் சாக்குகள். வெளிப்புறத்தில் தோட்டத்தின் பெயரும், தரமும், நிறையும் அச்சிடப்பட்டிருக்கும்.