சைக்கடெலிக்: குடிநோய் சிகிச்சையின் நடுவே பிறந்த சொல்

சைக்கடெலிக் என்றதும் வண்ணங்கள் குழைந்து நெளியும் சுவரொட்டிகளும் 1960களின் ராக் இசையும் ஹிப்பிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை உருவாக்கியவரோ ஒரு மனநல மருத்துவர். ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற அந்த ஆங்கிலேயர், கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் வேபர்ன் என்ற சிற்றூரின் மனநல மருத்துவமனையில் 1951 முதல் பணியாற்றினார். குடிநோயாளிகளை மீட்பது அவருடைய முக்கியமான வேலைகளுள் ஒன்று.

சைக்கடெலிக் என்று அவர் பெயரிட்டது எல்.எஸ்.டி., மெஸ்கலின் போன்ற, உணர்வையும் காட்சியையும் மாற்றும் மருந்துகளுக்கு. அவற்றுக்கு அதற்கு முன்பே பெயர்கள் உண்டு. 1924இல் ஜெர்மானிய மருந்தியலாளர் லூயிஸ் லெவின் ‘ஃபன்டாஸ்டிகா’ என்றார். கற்பனைக் காட்சிகளைத் தருபவை என்று பொருள். 1950களில் ‘ஹாலுசினோஜென்’ வந்தது, இல்லாததைக் காட்டுவது. மருத்துவர்கள் அதிகம் புழங்கியது ‘சைக்கோட்டோமிமெட்டிக்’ என்ற பெயரை. பித்துநிலையைப் போலி செய்வது என்று அதைச் சொல்லலாம். இந்தப் பெயர்கள் எல்லாம் மருந்தை உண்டவரை எதிரே நின்று பார்ப்பவர் இட்டவை. அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு இவற்றில் இடமில்லை.

ஆஸ்மண்டும் அவருடைய சக ஆய்வாளர் ஏப்ரம் ஹாஃபரும் தொடக்கத்தில் இந்தப் பார்வையோடுதான் இருந்தார்கள். பெருங்குடியர் சிலர், ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்னும் நடுக்கமும் பிதற்றலும் வந்து செத்துப் பிழைத்த பிறகுதான் குடியை விடுகிறார்கள். அந்த அச்சத்தை எல்.எஸ்.டி. கொடுத்துப் பாதுகாப்பாக வரவழைத்தால் என்ன? 1953இல் இரண்டு நோயாளிகளிடம் இதை முயன்றார்கள். போகப்போக, குடியை விட்டவர்கள் சொன்ன காரணம் வேறாக இருந்தது. பயத்தால் விட்டதாக அவர்கள் சொல்லவில்லை. தம் வாழ்க்கையைத் தாமே தெளிவாகக் கண்டதாகச் சொன்னார்கள்.

மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். சிகிச்சை அறையே மாறியது. பூக்கள் வைத்தார்கள், இசைத்தட்டு ஒலித்தது, படுத்துக்கொள்ள வசதி செய்தார்கள். மருந்து பெரும்பாலும் ஒரே தடவைதான். ஆனால் அதன் வேகம் அடங்கும்வரை, மணிக்கணக்கில், சிகிச்சையாளர் ஒருவர் கூடவே இருந்தார். இப்படிப்பட்ட அனுபவத்தைப் ‘போலிப் பைத்தியம்’ என்று பொருள்படும் பெயரால் எப்படி அழைப்பது?

1956இல் ஆஸ்மண்டுக்கும் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் புதுப் பெயர் பிறந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் ஹக்ஸ்லிக்கு மெஸ்கலின் கொடுத்து உடனிருந்தவர் ஆஸ்மண்ட். ஹக்ஸ்லி முன்மொழிந்தது ‘ஃபனெரோதைம்’. ஆஸ்மண்டின் பதில் ‘சைக்கடெலிக்’. கிரேக்கத்தில் ‘ப்ஸூகே’ என்றால் உயிர், உள்ளம்; ‘தேலூன்’ என்றால் வெளிப்படுத்துதல். உள்ளத்தை வெளிக்காட்டுவது என்று பொருள். கிரேக்க இலக்கணப்படி ‘சைக்கோடெலிக்’ என்றுதான் வரவேண்டும் எனப் பண்டிதர்கள் குறை கூறினர். ஆனால் ‘சைக்கோ’ என்ற ஒலி பித்து, வெறி என்ற நினைப்பைக் கூடவே இழுத்துவரும். தமிழிலும் அது வசைச்சொல்லாகவே வழங்குகிறது. வேறெதன் சாயலும் படியாத சொல்லையே ஆஸ்மண்ட் விரும்பினார். 1957இல் நியூயார்க் அறிவியல் கழகத்தின் மேடையில் அதை அறிமுகப்படுத்தினார்.

பத்தே ஆண்டுகளில் சொல் மருத்துவர் கையைவிட்டுப் போனது. இசைக்கும் உடைக்கும் ஓவியத்துக்கும் அடைமொழியானது. எல்.எஸ்.டி. தெருவுக்கு வந்தது, பின்னாலேயே தடைச் சட்டங்கள் வந்தன. 1971இல் ஐ.நா. உடன்படிக்கை இந்த மருந்துகளை மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் இவற்றைத் தடுக்கிறது. கொடைக்கானலில் விளையும் சைலோசைபின் காளானை நம் நாளிதழ்கள் ‘போதைக் காளான்’ என்றே எழுதுகின்றன. கள்ளச் சந்தைச் செய்திக்கு அந்தப் பெயர் பொருந்தலாம். சிகிச்சை ஆய்வைப் பற்றிப் பேச அது போதாது.

ஆய்வு என்ன சொல்கிறது? 1966 முதல் 1970 வரை வெளியான ஆறு பழைய குடிநோய்ச் சோதனைகளை, 536 பேரின் விவரங்களோடு, 2012இல் தொகுத்துப் பார்த்தார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரிடமும் ஒப்பீட்டுக் குழுவில் 38 விழுக்காட்டினரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. ஆறு மாதம்வரை நின்ற பலன் ஓராண்டில் உறுதியாகத் தெரியவில்லை. 2022இல் அமெரிக்காவில் 95 பேரிடம் நடந்த சோதனையில், உளவியல் சிகிச்சையோடு சைலோசைபின் பெற்றவர்கள் மிதமிஞ்சிக் குடித்த நாள்கள் 9.7 விழுக்காடு, ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களுக்கு 23.6. ஆனால் தமக்குக் கிடைத்தது எந்த மருந்து என்பதைப் பெரும்பாலோர் ஊகித்துவிட்டார்கள். எதிர்பார்ப்பே பலனைக் கூட்டியிருக்கலாம் என்ற ஐயம் அதனால் நிற்கிறது. இதய நோய் உள்ளவர்களுக்கும், மனச்சிதைவு நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் இந்தச் சிகிச்சை ஆபத்தாகலாம். வீட்டில் தானாகச் செய்துபார்க்கும் வைத்தியம் அல்லவே அல்ல.

ஆகவே இதை அற்புத மருந்து என்று கொண்டாட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவும் வேண்டியதில்லை. ‘குடிகாரன்’ என்று ஏசிய வாய் ‘குடிநோயாளி’ என்று சொல்லத் தொடங்கியபோதுதான் அவருக்கும் சிகிச்சை உண்டு என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியது. சைக்கடெலிக் என்ற சொல்லும், நோயாளி சொன்னதை மருத்துவர் நம்பிக் கேட்டதன் பலன். இந்தச் சிகிச்சையை எடைபோடும்போது நோயாளியின் வாக்குமூலத்தையும் சோதனையின் எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளினால், குடியில் மூழ்கியவருக்குத்தான் நட்டம்.