ஹாஃப்-லைஃப் இரண்டாம் பாகமும் ரசிகர் விவாதமும்

1998-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி வெளியான ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் கணினி விளையாட்டுக்கும், 2004-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வெளியான அதன் இரண்டாம் பாகத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆறு ஆண்டுகளுக்கு மூன்று நாள்களே குறைவு. அந்த இடைவெளியில் ரசிகர்கள் பட்ட தவிப்பும், வெளியான பின்னர் அவர்கள் தமக்குள் தொடங்கி இன்றளவும் முடிக்காமல் நடத்திவரும் தர்க்கமும் அவ்விளையாட்டின் சரித்திரத்தில் சரிபாதி என்று சொல்லலாம். படைத்தவர்களின் பாதியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆடியவர்களின் பாதியைப் பற்றியே இங்கு அதிகம் பேச விரும்புகிறேன்.

துப்பாக்கி ஏந்தியவனின் கண்களே நம் கண்களாக அமைய, எதிர்ப்படுவோரையெல்லாம் சுட்டுக்கொண்டே முன்னேறும் இவ்வகை ஆட்டங்களை 1993-இல் ‘டூம்’ உலகப் பிரசித்தமாக்கியபோது, அவற்றில் கதை என்பது பெட்டியின் பின்புறத்தில் அச்சிடத்தக்க நாலு வரிக்கு மேற்படாத ஒரு வியாஜமாகவே இருந்தது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றி விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996-இல் தொடங்கிய வால்வ் நிறுவனம் அந்த வியாஜத்தையே ஆட்டத்தின் ஜீவனாக மாற்ற முற்பட்டது. மார்க் லெய்ட்லா என்ற நாவலாசிரியரை அழைத்துக் கதைப்பொறுப்பை ஒப்படைத்தது. 1997-இல் வெளியிடுவதாக இருந்ததைத் திருப்தியில்லாமல் கலைத்துப்போட்டு மறுபடியும் தொடங்கியது. வெளியாள்களை வரவழைத்து ஆடச் செய்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே சலிப்படைகிறார்கள் என்பதை வாய் திறவாமல் பின்னாலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டது. பிளாக் மெசா ஆராய்ச்சிக்கூடத்துக்கு டிராம் வண்டியில் வேலைக்குப் போகும் கார்டன் ஃப்ரீமன் என்ற பௌதிக விஞ்ஞானியின் அந்தக் கதை, ஓரிடத்திலேனும் ஆடுபவனின் பார்வையை அவனிடமிருந்து பறித்துக்கொண்டு சினிமாக் காட்சியாக எதையும் காட்டவில்லை. ரசிகர்களை வசப்படுத்தியது இந்த மரியாதைதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே 2003-ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 கண்காட்சியில் இரண்டாம் பாகத்தைக் காட்டி, செப்டம்பர் 30-ஆம் தேதி வெளியிடுவோம் என்று நிறுவனத்தார் வாக்களித்தபோது உற்சாகம் கரைபுரண்டது. அந்தத் தேதி வந்தது, ஆட்டம் வரவில்லை. அக்டோபர்த் தொடக்கத்தில், விளையாட்டின் மூல நிரல் களவுபோய் இணையத்தில் பரவிவிட்டது என்ற செய்தி வந்தது. களவாடியவன் ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் இளைஞன் என்று பிற்பாடு தெரிந்து, அந்நாட்டு நீதிமன்றம் அவனுக்கு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதித்தது. ஆனால் ரசிகர்களைப் புண்படுத்தியது களவு மட்டுமன்று. பரவிய பிரதியைப் பார்த்தவர்களுக்கு, செப்டம்பரில் வெளியிடத் தயாராக இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆட்டம் பாதிகூட முடியவில்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. கடைசியில் ஓராண்டு கழித்து அது வெளியானபோதோ, குறுந்தகட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவனும் ‘ஸ்டீம்’ என்ற இணையச் சேவையில் பதிவுசெய்து அனுமதி பெற்ற பிறகே ஆட முடியும் என்ற நிபந்தனை உடன் வந்தது. முதல் நாளில் அந்தச் சேவை கூட்டத்தைத் தாங்க மாட்டாமல் திணற, தம் வீட்டில் தம் பணத்தில் வாங்கிய பொருளுக்குப் பிறர் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டுமா என்று அன்று ரசிகர்கள் எழுப்பிய ஆக்ஷேபம், இன்று கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை அவ்வழியிலேயே விற்கப்படுகின்றன என்பதனால் பிழையாகிவிடாது.

இத்தனை மனக்கசப்போடு ஆட உட்கார்ந்தவர்களை அந்தத் தொடக்கக் காட்சி வென்றது. ரயிலிலிருந்து ஃப்ரீமன் ‘சிட்டி 17’ நிலையத்தில் இறங்குகிறான், கையில் ஆயுதமில்லை. பிரமாண்டமான திரையில் டாக்டர் பிரீன் என்ற ஆட்சியாளர் வரவேற்புரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார். முகமூடியணிந்த காவலன் ஒருவன் காலி டப்பாவைக் கீழே தள்ளிவிட்டு அதைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடு என்கிறான். போட்டாலும் கதை நகர்கிறது, அவன் முகத்தில் வீசியெறிந்தாலும் நகர்கிறது. வேற்றுலகப் படையினர் பூமியை அடிமைப்படுத்திவிட்டார்கள் என்று யாரும் நமக்கு உபந்யாசம் செய்வதில்லை. வேலிக்கப்பால் கணவனின் வருகைக்காக நிற்கும் பெண்ணும், குழந்தைகளே இல்லாத விளையாட்டுத் திடலும் அதைச் சொல்லிவிடுகின்றன. பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்த விக்டர் அன்டொனவ் என்ற கலைஞர், தாம் வளர்ந்த கிழக்கு ஐரோப்பியத் தெருக்களின் பழங்கட்டடங்களை அடிப்படையாகக் கொண்டு இந்நகரைச் சிருஷ்டித்தார். உதிர்ந்த சுண்ணப்பூச்சும் டிராம் கம்பிகளும் உள்ள அந்த வீதிகளின் நடுவே கரிய உலோகக் கோபுரம் ஒன்று வானளாவி நிற்பதைக் கண்டவர்கள், ஓர் ஆட்டத்தில் ஊரே கதாபாத்திரமானதை முதன்முதலாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். நான் அதை மிகையென்று கருதவில்லை.

விவாதத்தில் மிகவும் தீவிரமானது கதாநாயகனின் மௌனத்தைப் பற்றியது. ஃப்ரீமன் இரண்டு பாகங்களிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. முதல் பாகத்தில் இது யாரையும் உறுத்தவில்லை; அங்கே அவன் பெரும்பாலும் தனியன். இரண்டாம் பாகத்திலோ அலிக்ஸ் வான்ஸ் என்ற பெண் அவனை நேருக்கு நேர் நோக்கிப் புன்னகைக்கிறாள், பரிகசிக்கிறாள், தந்தைக்கு ஆபத்தென்று அஞ்சிக் கலங்குகிறாள். கண்ணிமையும் உதடும் மனித முகம்போல அசைய வேண்டுமென்று படைப்பாளிகள் செய்த அசாத்தியப் பிரயத்தனத்தின் பலனாக அவள் மெய்யாகவே உயிர் பெற்று நிற்கிறாள். அப்படிப்பட்டவளுக்குப் பதிலே சொல்லாமல் ஒருவன் நிற்பது செயற்கையாக இருக்கிறது என்று ஒரு சாரார் வாதித்தார்கள். அவன் வாயைத் திறந்தால் அது வேறொருவன் குரலாகிவிடும், ஆடுபவன் தன் நெஞ்சிலே சொல்லிக்கொள்ளும் பதிலுக்கு இடமின்றிப் போகும் என்பது மற்றவர் கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். ஆயினும் டாக்டர் கிளைனர் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்திலும் பிளாக் மெசா ஈஸ்ட் என்ற இடத்திலும் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கதவுகள் அடைபட்டிருக்க, நாம் மேஜைமீதுள்ள சாமான்களைத் தூக்கிப் போட்டுப் பொழுதைக் கழிக்க வேண்டியிருக்கிறதே, அவ்விடங்களில் முதற்கட்சியினர் சொன்ன குறை முற்றிலும் நியாயமானது. பார்வையைப் பறிக்காமல் காலைக் கட்டிப்போடுவதும் ஒருவகைப் பறிமுதல்தான்.

ஏனைய குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீர்வழியில் ஓட்டும் படகுப் பகுதியும் கடற்கரைச் சாலையில் ஓட்டும் வண்டிப் பகுதியும் நீண்டுவிட்டன என்றார்கள். முதல் பாகத்தின் ராணுவத்தினர் காட்டிய சாமர்த்தியம் இதில் வரும் படையினருக்கு இல்லை என்றார்கள். இறுதிப் போரில் கூட வரும் தோழர்கள் குறுகிய வாசல்களில் வழியடைத்து நிற்பது அநேகருக்கு எரிச்சலூட்டியது. மறுபக்கத்தில், பொருள்களை ஈர்த்துப் பிடித்து வீசும் ஈர்ப்புத் துப்பாக்கியையும், அதைக்கொண்டு ரம்பத் தகடுகளை வீசியே பிழைக்க வேண்டிய ரேவன்ஹோம் என்ற பாழூரையும் குறை சொன்னவர் மிகச் சிலரே.

எல்லாவற்றுக்கும் மேலான மனத்தாங்கல் முடிவைப் பற்றியது. கோபுரத்தின் உச்சியில் வெடிப்பு நிகழும் கணத்தில் காலம் உறைந்து நிற்க, முதல் பாகத்திலும் வந்த அந்தக் கோட்டணிந்த மர்ம மனிதர் தோன்றி ஃப்ரீமனை அப்பால் அழைத்துச் சென்றுவிடுகிறார். அலிக்ஸ் என்ன ஆனாள் என்பதற்கு விடையில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் நிறைவுற்றபோது, இன்னின்னார் கதி என்னவாயிற்று என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னதைத் தமிழர் அறிவர். இங்கே அந்த முடிவுரையை எபிசோடுகளாக வெளியிடுவதென்று தீர்மானித்தார்கள். 2006-இல் முதல் எபிசோடும், 2007-இல் இரண்டாம் எபிசோடும் வந்தன. இரண்டாவது, அலிக்ஸ் தன் தந்தையின் சடலத்தின்மேல் விழுந்து அழுவதோடு நின்றது. மூன்றாவது வரவேயில்லை. லெய்ட்லா 2016-இல் நிறுவனத்தை விட்டு விலகி, மறு ஆண்டு பெயர்களை மாற்றி ஒரு கடித வடிவில் கதையின் எஞ்சிய பகுதியைத் தாமே வெளியிட்டார். 2020-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ கதையை மீண்டும் அந்தச் சோகக் காட்சிக்கே கொண்டுவந்து அதன் போக்கை மாற்றிற்று, ஆனால் மெய்நிகர்க் கண்ணணி இல்லாதவர் அதை ஆட இயலவில்லை.

புதுமை ஒன்றும் கைக்கு எட்டாதபோது கதையை முடிப்பதற்காக மட்டும் ஓர் எபிசோடை வெளியிட மனம் வரவில்லை என்ற கருத்தை, இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2024-இல் நிறுவனம் வெளியிட்ட ஆவணப்படத்தில் நியூவெல் தெரிவித்தார். கலைஞனின் மனச்சாட்சிக்கு அது உகந்த விடையாக இருக்கலாம்; ரசிகர்களுக்கு அது போதாது. முதல் பாகத்தின் கடைசிப் பகுதியான ‘ஸென்’ சரியில்லை என்று குறைபட்ட ரசிகர்கள், குறை சொன்னதோடு நில்லாமல், இரண்டாம் பாகத்தின் பொறியையே கருவியாகக் கொண்டு ‘பிளாக் மெசா’ என்ற பெயரில் முதல் பாகம் முழுவதையும் புதிதாகக் கட்டத் தொடங்கி, 2012-இல் ஒரு பகுதியை வெளியிட்டு, 2020-இல் ஸென்னையும் பூர்த்திசெய்தார்கள். அத்தகைய பக்தியுள்ளவர்கள் கேட்பது புதுமையை அன்று, தொடங்கிய கதைக்கு முடிவையே. அவர்கள் கட்சியே நியாயமானதென்றும், மூன்றாம் எபிசோடை வெளியிடாமல் விட்டது அந்நிறுவனம் செய்த பெரும் பிழையென்றும் நான் உறுதியாக எண்ணுகிறேன்.