இமயத்துச் சிறுமொழிகளும் ஹாட்சன் துரையின் கணக்கேடும்

நாட்டு வரலாறு எழுதுவோர் அரசர்தம் போர்களையும் வெற்றிகளையும் விரித்துரைப்பர். மொழி வரலாறு எழுதுவோரோ காவியங்களையும் கல்வெட்டுகளையும் தேடிச் செல்வர். காவியமும் கல்வெட்டும் இல்லாத, எழுத்தென்பதே அறியாத மலைவாழ் மக்களின் மொழிகளுக்கு வரலாறு எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பிரையன் ஹாட்டன் ஹாட்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் ஆராய்ந்தவற்றுள் பெரும்பாலானவை இன்று சீன-திபெத்தியம் எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். சீனம், திபெத்தியம், பர்மியம் ஆகியவற்றோடு 400-க்கு மேற்பட்ட மொழிகளைக் கொண்ட குடும்பம் அது.

ஹாட்சன் 1818-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். வங்கத்தின் வெப்பம் அவருடைய உடலுக்கு ஒவ்வாமையால் மலைநாட்டிற்கு அனுப்பப்பட்டார். 1820-இல் காட்மாண்டு சேர்ந்த அவர், இடையில் சில காலம் நீங்கலாக, 1843 வரை அங்கேயே பணிபுரிந்தார். இறுதிப் பத்தாண்டுகள் ரெசிடெண்டாகவும் விளங்கினார். எல்லன்பரோ பிரபுவுக்கும் அவருக்கும் கருத்து ஒவ்வாமற் போகவே, தாழ்ந்ததோர் பதவியை ஏற்க மனமின்றிப் பணியினின்றும் விலகினார். மற்றொருவராயின் தாய்நாட்டில் ஓய்வெடுத்திருப்பார். ஹாட்சனோ இங்கிலாந்து சென்று 1845-இல் மீண்டு வந்து, டார்ஜீலிங்கில் ஒரு வீடு அமைத்துக்கொண்டு 1858 வரை தங்கிவிட்டார். அந்நாளில் அம்மலைக்கு இருப்புப்பாதை இல்லை. நாம் அறிந்த சிறிய ரயில் 1881-இல்தான் அங்கு ஏறிற்று. பதவியும் ஊதியமும் இன்றி அவர் ஆற்றிய ஆராய்ச்சியே அவருடைய மொழிப்பணியின் சிறந்த பகுதியாகும்.

அவர் மேற்கொண்ட முறை எளியது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கைக் கடந்து செல்ல வெள்ளையர்க்கு நேபாள அரசு இசைவு தருவதில்லை. எனவே மக்களை நாடித் தாம் செல்ல இயலாத அவர், மக்களையே தம்மிடம் வரவழைத்தார். ஒரே சொல்லைப் பல மொழியினரிடமும் வினவி, விடைகளைப் பத்தி பத்தியாகப் பிரித்து அட்டவணையில் எழுதினார். நீர், தீ, கை, கண், ஒன்று, இரண்டு என அன்றாட வாழ்வின் சொற்களே அவருக்கு மூலதனம். பேரேடு எழுதிப் பழகிய நம்மனோர்க்கு அவ்வட்டவணையின் அருமை எளிதில் விளங்கும். ஒரு பதிவு தவறினும் மொத்தக் கணக்கும் பிழைபடும் என்பது இரண்டிற்கும் பொது அன்றோ?

ஹாட்சனின் ஆராய்ச்சியில் நம் பெயரும் இடம்பெறுகின்றது என்பது பலர் அறியாத செய்தி. ஆரியமல்லாத மொழி பேசும் பழங்குடிகள் அனைவரையும், இமயமலை அடிவாரத்தினர் உட்பட, அவர் ‘தமூலியர்’ என்று குறித்தார். தமிழின் பெயரே அச்சொல்லாயிற்று. அவர் அவ்வாறு கருதியதற்குக் காரணம் இல்லாமலில்லை. ‘செய்தேன்’, ‘செய்தாய்’ என நம் வினைச்சொல்லின் இறுதியே செய்தவரைக் காட்டுகிறது. நேபாளத்தின் ஹாயு, பாஹிங் முதலிய மொழிகளிலும் வினைச்சொல் அவ்வாறே காட்டுவதுடன், செயலுக்கு ஆளானவரையும் சேர்த்துக் காட்டுகிறது. முன்னிலையாரை உட்கொண்ட ‘நாம்’ வேறு, அவரை விலக்கிய ‘நாங்கள்’ வேறு என்னும் நுட்பமும் அங்குண்டு. இவற்றைக் கண்ட ஹாட்சன் இமயமும் குமரியும் ஓரினம் என எண்ணினார்.

அவ்வெண்ணம் நிலைபெறவில்லை. 1856-இல் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தால் திராவிட மொழிகள் தனியொரு குடும்பம் என நிறுவினார். ஹாயுவும் பாஹிங்கும் திபெத்திய-பர்மியக் கிளையைச் சேர்ந்தவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இமயம் வரை தமிழினம் பரவியிருந்தது என்பதற்கு ஹாட்சனைச் சான்று காட்டுவது பொருந்தாது. உண்மையல்லாத பெருமை தமிழுக்கு வேண்டுவதன்று.

கொள்கை வீழ்ந்தது, ஆனால் கணக்கேடு வீழவில்லை. 1868-இல் ஹண்டர் வெளியிட்ட ஒப்பீட்டு அகராதிக்கு ஹாட்சனின் சொற்பட்டியல்களே அடிப்படை. ஹாட்சன் மறைந்த 1894-ஆம் ஆண்டிலேயே கிரியர்சனின் இந்திய மொழியாய்வுப் பெரும்பணி தொடங்கிற்று. அதில் திபெத்திய-பர்மியத் தொகுதியை உருவாக்கிய ஸ்டென் கொனோவ், ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்ட நேபாளத்து மொழிகள் பலவற்றிற்கு ஹாட்சன் எழுதி வைத்தவற்றையே நம்பினார். ஹாயு மொழியைப் பற்றி ஹாட்சன் 1857-ஐ ஒட்டி எழுதினார். அதற்கு விரிவான புதிய இலக்கணம், பாய்ட் மிகாய்லோவ்ஸ்கியின் முயற்சியால் 1988-இல்தான் வெளிவந்தது. இன்று ஹாயு பேசுவோர் மிகக் குறைவு. இளையோர் நேபாளி மொழிக்கு மாறிவிட்டனர்.

ஈண்டு மற்றொன்று சிந்திக்கற்பாலது. 1847-இல் ஹாட்சன் வெளியிட்ட நூல் கோச், போடோ, திமால் என்னும் மூன்று மக்களைப் பற்றியது. மூவரையும் ஒரே காலத்தில், ஒரே முறையில் அவர் ஆராய்ந்தார். அவர் கண்ட கோச் மக்கள் அதற்கு முன்னரே தம் மொழியைக் கைவிட்டு வங்கமொழிக்கு மாறியிருந்தனர். பழைய கோச் மொழி மேகாலயம் முதலிய இடங்களில் சிறு குழுக்களிடமே எஞ்சியுள்ளது. நேபாளத்தின் ஜாபா, மொரங் மாவட்டங்களிலும், டார்ஜீலிங் மாவட்டத்து அடிவாரத்திலும் வாழும் திமால் மக்களின் மொழி ஒடுங்கி வருகின்றது. போடோ மொழியோ 1963-இல் அசாமின் தொடக்கப் பள்ளிகளில் பயிற்றுமொழியாயிற்று. 2003-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் தமிழோடு ஒருங்கே இடம்பெற்றது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? போடோ பேசுவோர் தொகை பெரிது என்பது ஒன்று. ஆயினும் தொகை மட்டும் போதியதன்று. 1952-இல் போடோ மக்கள் தமக்கெனச் சாகித்திய சபை ஒன்றை நிறுவினர். பள்ளிகளில் தம் மொழி வேண்டும் எனக் கேட்டுப் பெற்றனர், பாடநூல் எழுதினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ஹாட்சனின் ஏடு மூன்று மக்களுக்கும் பொதுவாகக் கிடைத்தது. சபையும் பள்ளியும் ஒருவருக்கே வாய்த்தன.

அறிஞர் ஒருவர் மொழியை ஏட்டில் பதிந்து வைக்கலாம். அதற்கு உயிர் ஊட்டுவது அவரால் ஆவதன்று. அது வீட்டில் தாய் பேசுவதாலும், பிள்ளை மறுமொழி சொல்வதாலும் ஆவது. தமிழுக்கு அத்தகைய அச்சம் இல்லை எனலாம். தாயகத்தில் இல்லைதான். ஆயின் தாயகம் நீங்கி வாழும் நம் இல்லங்களில், தமிழில் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகள் வேற்றுமொழியில் விடை கூறுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் ஓரிருக்கை வெறுமையாகக் கிடப்பதும் சிறு செய்தியன்று. ஆண்டு விழாவிற்குத் திரளும் கூட்டம் அவ்வகுப்பிலும் திரளுமாக!